கோடைக்கானல் விண்கல்

கோடைக்கானல் விண்கல் என்பது தேனி மாவட்டத்துக்கு வடக்கே உயர்ந்திருக்கும் பழனி மலையில் 1898 ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 16 கிலோகிராம் எடையுள்ள இரும்பு விண்கல் ஆகும். அக்காலத்தில் இப்பகுதி மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. வியன்னாவைச் சேர்ந்த பிரீட்ரிக் பெர்வெர்த் 1906 இல் இதன் கனிமங்களை விவரித்தார்.

கனிமங்கள்

இரும்பு-நிக்கல் உலோகத்தினுள் சிலிக்கேட்டுத் திரள்கள் பதிந்துள்ளன. இவற்றில் பைராக்சீன் கனிமங்களும், சோடியமும் பொட்டாசியமும் செறிந்த கண்ணாடியும் காணப்படுகின்றன. பாசுபேட்டுக் கனிமங்கள், குரோமைட்டு ஆகியனவும் உள்ளன.

வகைப்பாடு

கல்லும் இரும்பும் கலந்திருப்பினும் இது கல்-இரும்பு விண்கற்களுள் சேர்க்கப்படுவதில்லை. அவ்வகுப்பில் இரு பிரிவுகள் உள்ளன. பல்லசைட்டில் உலோகத்தினுள் ஒலிவின் படிகங்கள் பொதிந்திருக்கும். மெசோசிடரைட்டில் உலோகமும் சிலிக்கேட்டும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கும். கோடைக்கானல் விண்கல்லில் உலோகமே மிகுதி. அவ்வுலோகத்திலுள்ள நிக்கல், காலியம், ஜெர்மானியம் முதலியவற்றின் அளவைக் கொண்டு, இரும்பு விண்கற்களின் ‘இரண்டு-ஈ’ குழுவில் இது வைக்கப்பட்டுள்ளது.

அகவை

கதிரியக்கக் காலக்கணிப்பின்படி இதன் சிலிக்கேட்டுகள் ஏறத்தாழ 370 கோடி ஆண்டுகள் பழமையானவை. சூரியக் குடும்பமோ ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகள் பழமையானது. எனவே, தாய்ச் சிறுகோளின் மீது பிற்காலத்தில் நேர்ந்த மோதலின் வெப்பம் இக்கனிமங்களை உருக்கியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.