இரண்டு அங்குலத்தில் வாங்கிய பெரிய மீன்

போன மாதம் காலை நடைக்குப் போனபோது எங்கள் பகுதி ஏரிக்கரையில் சற்று நின்றேன். வலை போட்டிருந்தவர் சிக்கிய மீன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். கெண்டையும் ஜிலேபியும் கூடைக்குப் போயின. முழங்கை நீளத்தில் கருப்பாக, முதுகெல்லாம் முள்ளும் செதிலுமாக இருந்த ஒன்றை மட்டும் கரையில் வீசினார். "என்ன மீனுங்க அது?" என்றேன். "டேங்க் கிளீனர் சார். தின்னவும் ஆகாது, விக்கவும் ஆகாது, வலையைக் கிழிக்கறதுதான் மிச்சம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர்கள் எதைப் 'பெரிய மீன்' என்கிறார்கள், அந்தக் கணக்கு எப்படி மாறி வந்தது என்று பார்ப்போம்.

வீட்டில் அழகுக்காக வளர்த்த மீன்களில் மிகப் பழையது கோல்டு ஃபிஷ். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனர்கள் அதைக் குளங்களில் வளர்த்தார்கள். மிங் அரசர்கள் காலத்தில் அது முற்றத்துப் பீங்கான் தொட்டிகளுக்கு வந்தது. அப்போது மீனை மேலிருந்துதான் பார்க்க முடியும். பக்கவாட்டில் பார்க்கக் கண்ணாடி வேண்டும், அது மலிவாகவும் கிடைக்க வேண்டும். இங்கிலாந்தில் கண்ணாடி மீதிருந்த வரி 1845-ல் நீக்கப்பட்டது. 1850-ல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தம் சோதனையை வெளியிட்டார். சுமார் 12 காலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர், இரண்டு சிறிய கோல்டு ஃபிஷ், நீர்ச்செடி, சில நத்தைகள். செடி மீனுக்குப் பிராணவாயு கொடுக்கிறது, நத்தை அழுகலைத் தின்கிறது, தண்ணீர் கெடாமல் நிற்கிறது என்று காட்டினார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சி திறந்தது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

வாரிங்டனின் பாத்திரத்தை இன்னொரு முறை பாருங்கள். 12 காலன் என்றால் சுமார் 54 லிட்டர். நம் வீடுகளில் இருந்த இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி கொள்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான், 56 லிட்டர். அத்தனை பெரிய பாத்திரத்தில் அவர் விட்டது இரண்டே இரண்டு சிறிய மீன்கள்.

மீன்காட்சியில் நம் ஊரும் பின்தங்கவில்லை. மதராஸ் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ல் மெரினா கடற்கரையில் ஒரு மீன்காட்சி திறந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. நம் தலைமுறைக்கு வண்ண மீன் என்றால் மூர் மார்க்கெட்தான். 1985-ல் அது எரிந்துபோகும் வரை, 'உயிர் காலேஜ்' பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் அங்கே மீன் கேட்டு அடம் பிடிப்பது வழக்கம். கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், கௌராமி என்பவைதான் பெரும்பாலும் கேட்கும் பெயர்கள். அரைச் சாண் நீளமுள்ள ஏஞ்சல் மீன் வீட்டில் இருந்தால் தெருவே வந்து பார்க்கும். அன்றைக்கு அதுதான் பெரிய மீன்.

அதற்குக் காரணம் தொட்டி. ஆங்கிள் இரும்பில் சட்டம் செய்து, கண்ணாடியைப் பட்டி வைத்து ஒட்டிய தொட்டி அது. இரும்பு துருப்பிடிக்கும், பட்டி காய்ந்து ஒழுகும். நீளம் கூடக் கூடக் கனமும் கூடும். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் தண்ணீரே 250 கிலோவுக்கு மேல். வாடகை வீட்டில் அதை யார் வைப்பார்கள்?

1960-களில் வெளிநாடுகளில் சிலிக்கான் பசை வந்தது. சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடியை ஒட்டலாம் என்றானது. பின்னர் அது நம் ஊருக்கும் வந்து, பெரிய தொட்டி எளிதாயிற்று. இன்னொரு மாற்றம் போக்குவரத்தில். முன்பு தகர டின்களில் கப்பலில் வந்த மீன்களில் பல வழியிலேயே சாகும். 1869-ல் பாரிஸில் பியர் கார்போனியே வளர்த்துக் காட்டிய பாரடைஸ் மீன், காற்றையும் சுவாசிக்கக்கூடியது என்பதால் அப்படிப்பட்ட பயணத்தைத் தாங்கியது. விமானமும், பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையும் வந்த பிறகு எந்த மீனும் எந்த ஊருக்கும் போகலாம் என்றானது. பையில் எடைக்குத்தான் கூலி. ஆகவே குஞ்சாக அனுப்பினால்தான் லாபம். அமேசான் மீனானாலும் மேகாங் நதி மீனானாலும், கடைத் தொட்டியில் நாம் பார்ப்பது இரண்டு அங்குலக் குஞ்சைத்தான்.

பெரிய மீன் பற்றிய குழப்பம் இங்கேதான் தொடங்கியது. கடையில் எல்லா மீனும் ஒரே அளவு. ஆஸ்கர் ஓரடிக்கு மேல் வளரும், அதுவும் ஓராண்டு சுமாருக்குள். வாஸ்து மீன் என்று விற்கிறார்களே, அந்த வெள்ளி அரோவானா மூன்றடி வரை போகும். 'ஷார்க்' என்று சொல்லி விற்கும் குஞ்சு உண்மையில் ஒரு கெளுத்தி வகை. அது நாலடியைத் தாண்டும். உணவகங்களில் 'பாசா' என்று தட்டில் வருவது அதன் நெருங்கிய உறவு. முதலை வாய் கொண்ட அலிகேட்டர் கார் எட்டடியைத் தாண்டியதும் உண்டு. சாதுவான கோல்டு ஃபிஷ்கூட நல்ல குளத்தில் ஓரடி வளரும். நெதர்லாந்தில் 2003-ல் அளந்த ஒன்று 47.4 செ.மீ. இருந்தது.

"தொட்டி அளவுக்குத்தான் சார் மீன் வளரும்" என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. நானும் அதை வெகுகாலம் நம்பினேன். மீன் வளராமல் நிற்பது உண்மைதான். ஆனால் அது தொட்டிக்கு மரியாதை கொடுத்து நிற்பதில்லை. சிறு தொட்டியில் தன் கழிவிலேயே கிடந்து, இடமில்லாமல் வளர்ச்சி குன்றி, பல நேரம் முதுகு வளைந்து, ஆயுள் முடியுமுன்பே சாகிறது. பத்திருபது ஆண்டு வாழக்கூடிய கோல்டு ஃபிஷ் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓராண்டு தாண்டாததற்குக் காரணம் இதுதான்.

ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்று ஒரு பழைய கணக்கும் உண்டு. சின்ன மீனுக்கு அது ஓரளவு சரி. பெரிய மீனுக்குச் சரிப்படாது. மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும். ஓர் அங்குல மீன் பத்து இருந்தால் எடை பத்துப் பங்கு. பத்து அங்குல மீன் ஒன்றே ஒன்று இருந்தால் ஆயிரம் பங்கு. தீனியும் கழிவும் எடையைப் பொறுத்தவை. ஆக, அங்குலக் கணக்கில் சமமாகத் தெரிந்தாலும் அந்த ஒற்றை மீன் தண்ணீரைப் பன்மடங்கு கெடுக்கும்.

அனுபவசாலிகள் இதனால்தான் மீனின் இன்றைய நீளத்தைப் பார்ப்பதில்லை. முழு வளர்ச்சி எவ்வளவு, அப்போது அது தொட்டிக்குள் தாராளமாகத் திரும்ப முடியுமா என்று கேட்கிறார்கள். மூன்று அங்குலத்துக்குள் நிற்பது சின்ன மீன். எட்டு அங்குலத்தைத் தாண்டினால் பெரிய மீன். ஓரடிக்கு மேல் போனால் சாதாரண வீட்டுத் தொட்டிக்கு ஆகாது. இரண்டடிக்கு மேல் என்றால் அது வீட்டுக்கான மீனே இல்லை. இது சட்டமல்ல, நடைமுறைக் கணக்கு.

இப்போது என் கதை. இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் இரண்டடித் தொட்டி இருந்தது. பாசியைத் தின்று கண்ணாடியைச் சுத்தமாக வைக்கும் என்று சொல்லி ஒரு டேங்க் கிளீனர் வாங்கினேன். விரல் நீளம் இருந்தது. தென் அமெரிக்க மீன் என்றோ, ஒன்றரை அடி வளரும் என்றோ நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு ஆண்டில் அது தொட்டியின் குறுக்கே திரும்ப முடியாமல் ஆயிற்று. வீடு மாறும் சமயம். கொல்ல மனம் வரவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக்கொண்டு போய் இதே ஏரியில் விட்டேன். புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

என் ஒரு மீனால் ஏரி கெட்டது என்று சொல்லவில்லை. என்னைப் போல எத்தனையோ பேர் வாளியோடு போயிருப்பார்கள். அந்த மீன் கரையில் வளை தோண்டி முட்டையிடுகிறது. முள்ளுக்குப் பயந்து மற்ற மீன்கள் அதை எளிதில் தொடுவதில்லை. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அலிகேட்டர் கார் பிடிபட்டது. அதையும் யாரோ ஒருவர் குஞ்சாக வாங்கியிருப்பார்.

பேரப்பிள்ளைகளுக்கு மீன் வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலை கேட்பதற்கு முன் "முழுசா வளர்ந்தா எவ்வளவு பெருசாகும்?" என்று கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். வாங்கியது வளர்ந்துவிட்டால், பெரிய தொட்டி உள்ளவரிடமோ கடையிலோ திருப்பிக் கொடுங்கள். ஏரிக்கும் கோயில் குளத்துக்கும் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

அன்று கரையில் கிடந்த மீன் வெகுநேரம் செவுளை அசைத்துக்கொண்டே இருந்தது. வலைக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.