சமூக நிலையங்களும் மறுசீரமைப்பும்

சிங்கப்பூரின் சமூக நிலைய வரலாறு 1953ஆம் ஆண்டில் சிராங்கூனிலும் சிக்லாப்பிலும் தொடங்குகிறது. 1960 ஜூலை 1ஆம் நாள் மக்கள் கழகம் நிறுவப்பட்டபின் அவை தீவெங்கும் பெருகின. தொடக்ககால நிலையங்கள் எளியவை: ஒரு கூடம், ஒரு கூடைப்பந்துத் திடல், 1963இல் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும் ஒரு பெட்டி. வீட்டில் பெட்டியில்லாதோர் மாலைதோறும் அதன்முன் கூடினர். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அண்டை அயலாராய்ப் பழகியது அந்தத் திறந்தவெளியில்தான் என்பது என் துணிபு.

கட்டடங்கள் மூப்பெய்துவது இயல்பு. 1990களில் சமூக மன்றம் என்னும் புதுப்பெயர் பரவியது. குளிரூட்டிய அறைகளும் பெருகின. அவற்றை நான் குறைகூறவில்லை. மின்தூக்கியில்லாத மாடியில் தமிழ் வகுப்பு வைத்தால் மூத்தோர் எங்ஙனம் ஏறுவர்? ஆயினும் மறுசீரமைப்புத் திட்டம் வரைவோர் முதலில் அறைகளையே எண்ணுகின்றனர். அறைக்கு முன்பதிவு உண்டு. பெரும்பாலும் கட்டணமும் உண்டு. ஆகவே அதன் பயனைக் கணக்கிட்டுக் காட்டலாம். யாரும் வந்து சும்மா அமரும் தாழ்வாரத்திற்கு அத்தகைய கணக்கு இல்லை. இடநெருக்கடியில் முதலில் சுருங்குவது அதுவே.

2017இல் திறக்கப்பட்ட தெம்பனிஸ் நடுவம், வட்டாரக் குடியிருப்பாளர்கள் பல்லாயிரவரின் கருத்தைக் கேட்டு வரையப்பட்டது. அதன் நடுவே அமைந்திருப்பது காற்பந்துத் திடல்.