பாறைக் கோள்களும் வளிமப் பெருங்கோள்களும்

புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் பாறைக் கோள்கள். இரும்பு மிகுந்த கருவும் திடமான தரையும் உடையவை. வியாழனும் சனியும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியத்தால் ஆனவை. இறங்கி நிற்கத் தரையே கிடையாது. பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.5 மடங்கு, சனியுடையது 0.7 மடங்குதான். யுரேனஸையும் நெப்டியூனையும் பனிப் பெருங்கோள்கள் என்று தனியே பிரிப்பதே பொருத்தம்.

வளையங்கள் நான்கு பெருங்கோள்களுக்கும் உண்டு, பாறைக் கோள் எதற்கும் இல்லை. யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. 1977 மார்ச் 10 அன்று அக்கோள் வானில் ஒரு விண்மீனை நெருங்கியபோது, வளையம் மறைத்ததால் விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதை ஜவ்வாது மலைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவு செய்தது. விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழுவும் அவ்வாறே கண்டது. காவலூர் வானாய்வகத்துக்கு 1986இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது.