திருவிழாவுக்கு வெடி செய்யும் கிளப்காரர்கள்

(பி.எஸ்ஸி. வேதியியல், 1972–75)

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஒரு வரலாற்றுக் கட்டுரை. "கெமிஸ்ட்ரிக்காரன் வரலாறு எழுதினா எப்படி இருக்கும்னு பாப்போமே" என்று செயலாளர் போனில் சிரித்தார். ஹாஸ்டலில் என் பக்கத்து அறைக்காரர் அவர். நான் சாத்தூர்க்காரன் என்பதும், தீபாவளி லீவு முடிந்து வரும்போது மூட்டை நிறைய வெடி கொண்டு வருவேன் என்பதும், வார்டனுக்குத் தெரியாமல் மொட்டை மாடியில் நடந்த "போட்டிகளும்" அவருக்கு மறக்கவில்லை. ஆகவே வெடி பற்றியே எழுதுகிறேன். ஆனால் சிவகாசி வெடி இல்லை. மத்தியதரைக் கடலில் ஒரு சின்னத் தீவின் வெடி.

அதற்கு முன் நம் லேப் ஞாபகம் ஒன்று. நம் புரொபசர் பொட்டாசியம் குளோரேட்டை ஒரு அலமாரியிலும் கந்தகத்தை எதிர்ச்சுவர் அலமாரியிலும் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாமே வைத்திருப்பார். "ரெண்டும் மாமியா மருமக. ஒரே ரூம்ல விடக்கூடாது" என்பார். நாங்கள் சிரிப்போம். சாத்தூர், சிவகாசிப் பையன்கள் மட்டும் சிரிக்க மாட்டோம். என் அம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் என் ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினாள். அவள் ஒட்டிய பெட்டி எந்த ஊருக்குப் போகிறது, யார் வீட்டு அடுப்பைப் பற்றவைக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. க்ரோஸ் கணக்கு மட்டும் தெரியும்.

உத்தியோகத்தில் கடைசி இரண்டு வருஷம், 2011 இறுதியிலிருந்து, மருந்துக் கம்பெனி வேலையாக மால்டாவில் இருந்தேன். மொத்தத் தீவுகளும் சேர்ந்து 316 சதுர கிலோமீட்டர். நம் விருதுநகர் மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. போய்ச் சேர்ந்த அடுத்த கோடையில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கே டமார் டமார் என்று பத்து நிமிஷம் வானம் இடிந்தது. குடிவந்த வீட்டுக்காரம்மாவிடம் பதறிக்கொண்டு கேட்டேன். "ஃபெஸ்டா" என்றார் அவர், காப்பியைக் கலக்கியபடியே.

ஃபெஸ்டா என்றால் ஊர்த் திருவிழா. ஒவ்வொரு ஊர் மாதா கோயிலுக்கும் ஒரு புனிதர். அவருக்கு ஒரு நாள். சிலையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக ஊர்வலம், முன்னால் பாண்டு வாத்தியம், இரவில் வாணவேடிக்கை. கொடி, தோரணம், அலங்கார விளக்கு, ரோட்டோரம் மிட்டாய்க்கடை. நம் ஊர் மாரியம்மன் பொங்கலில் பாதி இதில் இருந்தது. இல்லாதது ஒன்று: வாணவேடிக்கையைக் கான்ட்ராக்ட் விடுவது. அங்கே வெடியைச் செய்பவர்கள் அந்த ஊர்க்காரர்களே. பகலில் பேங்க் கிளார்க், தச்சர், வாத்தியார், துறைமுகத் தொழிலாளி. சாயங்காலமும் சனிக்கிழமையும் வெடி மருந்து. சம்பளம் கிடையாது. செலவுக்கு வீடு வீடாக வசூல். ஒரு திருவிழா முடிந்ததும் அடுத்த வருஷத்துக்கு வேலை ஆரம்பம்.

செய்யும் இடத்துக்கு மால்டீஸ் மொழியில் "காம்ரா தன்னார்" என்று பெயர், தீயின் அறை. அந்த மொழி அரபு வழி வந்தது; "நார்" என்றால் தீ. "காம்ரா" இத்தாலிய வழி. நம் தாத்தா காலத்துப் பங்களாக்களில் காமரா அறை என்பார்களே, போர்ச்சுகீசியரிடமிருந்து வந்த அதே சொல்தான். சொல்லும் எங்கெல்லாம் கப்பல் ஏறியிருக்கிறது பாருங்கள். இந்தத் தீயறைகள் ஊருக்கு வெளியே வயல்காட்டில் இருக்கும். குடியிருப்பிலிருந்து 183 மீட்டர், அதாவது பழைய 200 கஜம், தள்ளி. லைசென்ஸ் இல்லாமல் யாரும் மருந்தைத் தொட முடியாது.

இது எப்போது தொடங்கியது? 1530 முதல் 1798 வரை மால்டாவை ஆண்டது புனித ஜான் சபையின் வீரர்கள். கோட்டை நிறைய பீரங்கி மருந்து. புதுப் போப்பாண்டவர் வந்தாலும், தங்கள் தலைவர் தேர்வானாலும் வெடிதான். வீரர்கள் போனார்கள், பிரெஞ்சுக்காரர் வந்து போனார்கள், வெள்ளைக்காரன் வந்து 1964ல் போனான். வெடி மட்டும் ஊர்க்காரர்கள் கைக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டது.

அந்தக் கால வாணத்தில் நிறம் கிடையாது. கரியும் இரும்புத் தூளும் தரும் செம்பொன் வெளிச்சம் மட்டும். பிரான்சின் பெர்த்தொலே 1780களில் பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டுபிடித்த பிறகே ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்பும் பேரியத்தின் பச்சையும் வானத்துக்கு ஏறின. 1788ல் அதை வைத்துத் துப்பாக்கி மருந்து செய்து பார்த்தபோதே இரண்டு பேர் செத்தார்கள். நிறமும் சாவும் ஒரே புட்டியில் வந்தன. கந்தகமும் குளோரேட்டும் கலந்த வாணங்களை இங்கிலாந்து 1894லேயே தடை செய்தது. நம் நாட்டில் அந்தத் தடை வர 1992 ஆயிற்று. நம் புரொபசரின் அலமாரி அதற்கு இருபது வருஷம் முந்தியது!

இனி போட்டிக்கு வருவோம். ஆகஸ்டு 15, மாதா விண்ணேற்புத் திருநாள். அன்றைக்கு மட்டும் மால்டாவிலும் கோஸோ தீவிலுமாக ஏழு பங்குகளில் ஒரே நேரத்தில் ஃபெஸ்டா: மோஸ்டா, அட்டார்ட், குட்யா, ஆஷா, இம்அப்பா, ரெண்டி, விக்டோரியா. (எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று, இந்தப் பெயர்களை நான் சொல்லக் கற்றதே ஒரு தனிக் கதை.) இவற்றில் நாலு ஊர் தெற்கில் அக்கம்பக்கம். ஒரு ஊர் மொட்டை மாடியில் ஏறினால் அடுத்த ஊர் வானம் தெரியும். அப்புறம் போட்டிக்கு நடுவர் எதற்கு?

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே ஊருக்குள் இரண்டு கட்சி. இம்அப்பா நம் பெரிய கிராமம் அளவுதான் இருக்கும். அதில் ஆகஸ்டு மாதாவுக்கு ஒரு கிளப், ஜூன் மூன்றாம் ஞாயிறு கொண்டாடும் லில்லி மாதாவுக்கு ஒரு கிளப். தனித்தனி பாண்டு, தனித்தனி தீயறை. இருவரும் மாதா பக்தர்கள், ஒரே கோயில். கீழத்தெரு மேலத்தெரு சண்டை தெரிந்த நமக்கு இதற்கு விளக்கம் வேண்டாம். ஆகஸ்டுக்காரர்கள் 2007ல் இத்தாலியில் நடந்த கபுத் லூச்சிஸ் போட்டியில் முதலிடம் பெற்று வந்தார்கள். லில்லிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 2011 ஜூன் 18 அன்று, தங்கள் ஃபெஸ்டாவுக்கு முந்தின இரவு, 32.044 மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை நிறுத்திச் சுற்றவிட்டு கின்னஸில் ஏறினார்கள். பத்து மாடி உயரத்துக்கு ஒரு தரைச்சக்கரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

தரைச்சக்கரக் கலைக்கு "ஜிஜ்ஜிஃபோகு" என்று பெயர். இத்தாலியில் "தீ விளையாட்டு" என்பதன் மருவல். இரும்புச் சட்டம், பல்சக்கரம், சங்கிலி எல்லாம் வைத்த யந்திரம் அது. விளிம்பில் கட்டிய மருந்துக் குழாய்கள் உதைக்கிற உதையில் சுற்றும். சுற்றச் சுற்ற உள்ளே இன்னொரு சக்கரம் எதிர்த்திசையில் விரியும், நட்சத்திரம் பூவாகும். ஏப்ரல் கடைசியில் ஃப்ளோரியானாவில் ஊர் ஊராக இதற்குப் போட்டி நடத்துகிறார்கள். நான் பார்த்த அன்று ஒரு கிளப்பின் சக்கரம் பாதியில் சிக்கிக்கொண்டது. முதலில் கைதட்டியவர்கள் எதிர்க்கட்சிக்காரர்கள்தான். கேலி என்று நினைத்தேன். பக்கத்தில் நின்றவர் சொன்னார்: "கேலி பாதி. மீதி, போன வருஷம் எங்களுக்கும் இப்படித்தான்."

அவரே பின்னால் என் நண்பரானார். பேங்க்கில் வேலை, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வானத்தில் ஒவ்வொன்றையும் அவர் படித்துக் காட்டுவார். அவர்கள் வெடிக்குப் பெயர் "முர்த்தால்". காகிதமும் சணல் நூலும் பசையும் வைத்து உருளையாகச் சுற்றுவது. ஒரே உருளைக்குள் அடுக்கடுக்காக அறைகள். மேலே போய் ஒன்று வெடித்து நிறம் கொட்டும், இன்னும் ஏறி இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் காதைப் பிளக்கும் ஒரு இடி. இடைவெளி தாளம்போல் விழ வேண்டும். ஒரு அரை நொடி பிசகினால் தீவு முழுக்கப் பேச்சு. நீலம் வந்தால் மட்டும் எழுந்து நிற்பார். செம்பு உப்பின் நீலம் சூடு கூடினால் வெளுத்துவிடும், குறைந்தால் எரியாது. நம் ஃப்ளேம் டெஸ்ட் ஞாபகம் இருப்பவர்களுக்குப் புரியும். எல்லாம் முடிந்ததும் "காஷா இன்ஃபெர்னாலி" (நரகப் பெட்டி). அன்று காலை எட்டு மணிக்கு என்னைக் கட்டிலிலிருந்து தள்ளியது அதுதான்.

1942ல் போர் முற்றுகையில் மால்டா பட்டினி கிடந்தது. பதினாலு சரக்குக் கப்பல் புறப்பட்டு ஐந்துதான் துறைமுகம் வந்தன. கடைசியாக, உடைந்த நிலையில் "ஒஹையோ" எண்ணெய்க் கப்பல் இழுத்து வரப்பட்டது ஆகஸ்டு 15ல். அதை இன்றும் சாந்தா மரியா கான்வாய் என்கிறார்கள். இதைச் சொல்லும்போது நண்பர் குரல் மாறும். அந்த நாளில் முர்த்தால் விடுவது அவருக்குப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை என்று அப்போது புரிந்தது.

சாமியும் கோயிலும் இல்லாமல், வெறும் ஆசைக்கே கிளப் வைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1969ல் தொடங்கிய பைரோடெக்னிக்ஸ் கில்டு இன்டர்நேஷனல் அப்படிப்பட்டது. ஆகஸ்டில் ஒரு வாரம் கூடி, தாங்கள் செய்த ராக்கெட்டையும் குண்டையும் சக்கரத்தையும் தரம் பிரித்துப் போட்டியில் விட்டு மதிப்பெண் வாங்கினார்கள். அந்த நாட்டில் வாஷிங்டன் காலேஜ் என்ற சிறிய கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஜான் காங்க்லிங் 1980களில் வாணவேதியியலுக்குக் கோடைவகுப்பே நடத்தினார். 1985ல் பாடப்புத்தகமும் எழுதினார். நம் டிபார்ட்மென்டில் யாருக்கும் தோன்றாத சப்ஜெக்ட். முப்பது மைல் தள்ளிச் சிவகாசியை வைத்துக்கொண்டு!

ஒரு ஃபெஸ்டா இரவில் நண்பர் என்னிடம் கேட்டார்: "உங்க பக்கமும் வெடிதானே செய்றாங்க? எந்த ஊர் ஜெயிக்கும்?" எங்கள் பக்கம் போட்டி இல்லை, நாங்கள் நாடு முழுக்கச் செய்து அனுப்புகிறோம் என்றேன். "சரி, செஞ்சவங்க எங்க நின்னு பாப்பாங்க?"

பதில் சொல்ல வரவில்லை. என் அத்தை மகள் பதினெட்டு வருஷம் மத்தாப்புக் கம்பிக்கு மருந்து தோய்த்தவள். விரலிடுக்கில் வெள்ளி நிறம் போகவே போகாது. பெரிய வாணம் ஒன்றை அவள் நின்று பார்த்து நான் கண்டதில்லை.

2012 செப்டம்பர் 5. ஆபீஸில் இருக்கும்போது ஊரிலிருந்து போன். சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். வேலைக்காரர்கள் மட்டும் இல்லை. புகையைப் பார்த்துக் காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள் நிறைய. எங்கள் வீட்டில் யாரும் இல்லை. அத்தை மகளோடு வேலை பார்த்த ஒருத்தி இருந்தாள். சாயங்காலம் நண்பரிடம் சொன்னேன். அவர் தேதியைத் திருப்பிக் கேட்டார். சரியாக இரண்டு வருஷம் முன்பு, 2010 செப்டம்பர் 5 ஞாயிறு அன்று, கோஸோவில் ஆர்ப் என்ற ஊரில் ஒரு வாண ஆலை வெடித்து ஆறு பேர் செத்தார்கள். பெரும்பாலும் ஒரே குடும்பம். "உங்க ஆளுங்க எந்த ஃபெஸ்டாவுக்குச் செஞ்சிட்டிருந்தாங்க?" என்றார். தீபாவளிக்கு என்றேன். "அவங்க தீபாவளிக்கா?" என்றார். இல்லை, எல்லார் தீபாவளிக்கும்.

ஆசைக்குச் செய்தாலும் வெடி வெடிதான். மால்டாவில் ஆர்ப் விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். தலைவர் அவர்கள் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் ஆல்ஃபிரட் வெல்லா. 2011ல் அறிக்கை வந்தது. அவரே பின்னால் வீடுகளில் படியும் தூசியை எடுத்துச் சோதித்து, வாணத்திலிருந்து வந்த பெர்குளோரேட் அதில் இருப்பதை 2015ல் ஆய்வாக வெளியிட்டார். கிளப்காரர்களுக்குப் பிடித்திருக்காது என்று நினைத்து நண்பரிடம் கேட்டேன். "பிடிக்கலதான். ஆனா அவர் எங்க ஊர்க்காரர் மாதிரி பேசுறார், போலீஸ்காரர் மாதிரி பேசல" என்றார். நம் பக்கம் 2018ல் சுப்ரீம் கோர்ட் பேரியம் உப்புக்குத் தடை போட்டதும் எத்தனை யூனிட் மூடிக் கிடந்தது, யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அங்கே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பொன்விழா இரவில் மைதானத்தில் வாணவேடிக்கை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். சரி என்றேன், ஒரு நிபந்தனையோடு. லைசென்ஸ் உள்ள யூனிட்டில் ஆர்டர் கொடுத்தாயிற்று. அதைச் செய்கிற பதினொரு பெண்களும், ஓய்வுபெற்ற என் அத்தை மகளும் அன்றைக்கு வருகிறார்கள். வேன் வாடகை 1975 பேட்ச் கொடுத்துவிட்டது. பிரின்ஸிபாலுக்கும் முக்கிய விருந்தினருக்கும் பக்கத்தில் முன்வரிசையில் பன்னிரண்டு நாற்காலி தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். நண்பர்கள் தெரியாமல் போய் உட்கார்ந்துவிட வேண்டாம்.