நிமிடங்களுக்கு யார் கணக்கு? அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் தலைமைப் பயிற்றுநரின் பொறுப்பு

தமிழில் ஒருவர் பதவிக்கு வந்தால் ‘பொறுப்பேற்றார்’ என்கிறோம். காரியம் கெட்டால் ‘அவர்தான் பொறுப்பு’ என்கிறோம். ஆளும் உரிமைக்கும் அதற்குப் பதில் சொல்லும் கடமைக்கும் நம்மிடம் ஒரே சொல். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் இந்த இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து கிடக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். தலைமைப் பயிற்றுநர் எதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும் என்று விதிப் புத்தகம் வரிவரியாகச் சொல்கிறது. அவருடைய அதிகாரம் முழுதும் குவிந்திருப்பதோ வேறோர் இடத்தில்: யார் எத்தனை நிமிடம் களத்தில் நிற்பது என்ற முடிவில். அங்கே அவரைக் கணக்குக் கேட்க ஆளில்லை.

முதலில் விதியைப் பார்ப்போம். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வின் தொகுப்பில் 11.1.1.1 என்ற பிரிவு தலைமைப் பயிற்றுநரின் பொறுப்பைப் பேசுகிறது. விதிகளை மதிக்கும் சூழலை வளர்ப்பதும் தமக்குக் கீழே வேலை செய்வோரைக் கண்காணிப்பதும் அவர் கடமை. 2013 ஆகஸ்டில் இது இறுகியது. உதவியாளர் விதியை மீறினால் தலைவர்தான் பொறுப்பு என்று முன்கூட்டியே கொள்ளப்பட்டது. இல்லையென்று நிறுவும் சுமை அவர் தலையில் விழுந்தது. 2023 ஜனவரி 1 முதல் நடக்கும் மீறல்களில் அந்த வாய்ப்பும் இல்லை. தமக்குத் தெரியாமல் நடந்தது என்று அவர் சொல்லலாம். தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதுதான் அது காதில் விழும்.

எந்த மீறல்கள்? உதாரணத்துக்கு ஒன்று. பள்ளி மாணவியோடு கல்லூரிப் பயிற்றுநர்கள் நேரடியாகப் பேசத் தொடங்கலாம் என்று குறித்திருக்கும் நாள், அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டின் ஜூன் 15. ஒரு நாள் முந்திக் கூப்பிட்டாலும் மீறல்தான். இந்த விதி வந்ததற்கு நியாயம் உண்டு. 2014இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய ஒரு நீண்ட செய்திக் கட்டுரை, ஒன்பதாம் வகுப்புக்கே போகாத சிறுமிகள் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆடுவது என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பால்ய விவாகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆகவே விதி வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அந்த விதி நாட்காட்டியை வைத்து அளக்கக்கூடியது. அளக்க முடிந்ததையே விதி தேடிப் போகிறது.

பயிற்சி நேரமும் அப்படித்தான். பருவத்தில் வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. ஆட்டம் நடக்கும் நாள், எவ்வளவு நீண்டாலும், 3 மணி என்றே கணக்கில் ஏறும். பயண நேரம் கணக்கிலேயே வராது. பருவம் ஆகஸ்டில் தொடங்குகிறது. பெரும்பாலான அணிகள் வியாழனும் ஞாயிறுமாக ஆடுகின்றன. வியாழன் ஆட்டத்துக்காகப் புதன் பிற்பகலே பஸ் ஏறி, ஆறு மணி நேரம் மடிக்கணினியில் வேதியியல் பாடத்தை வைத்துக்கொண்டு தூங்கி விழுந்த மாணவியின் ஏட்டில் அந்த ஆறு மணி நேரத்துக்குப் பூஜ்ஜியம். தலைமைப் பயிற்றுநர் விதிப்படி சுத்தமானவர்.

இனி நிமிடங்களுக்கு வருவோம். உலகக் கோப்பையிலும் தொழில்முறை லீகுகளிலும் வெளியே வந்தவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. மாற்றங்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. அமெரிக்கக் கல்லூரியில் எண்ணிக்கை வரம்பில்லை. முதல் பாதியில் வெளியே எடுக்கப்பட்டவர் அந்தப் பாதி முடியும்வரை திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் வெளியேறியவர் ஒருமுறை திரும்பலாம். எந்தத் தொழில்முறைப் பயிற்றுநருக்கும் இல்லாத நுணுக்கத்தோடு இங்கே நிமிடங்களைப் பங்கிட முடியும். முப்பதாவது நிமிடத்தில் பெயர் கூப்பிடப்படுகிறது. அவள் ஓடி வருகிறாள், உள்ளே போகிறவளின் கையைத் தட்டுகிறாள், சட்டைக்கு மேல் பிப்பை மாட்டிக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்காருகிறாள். பாதி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. அதுவரை உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும், எதிர்ப்பக்கத்தில் பெரிய குடையோடு நிற்கும் அவளுடைய அப்பாவுக்கும் தெரியும். இரண்டாம் பாதியிலும் பெயர் கூப்பிடப்படாவிட்டால், ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் புள்ளிவிவரத் தாளில் அவள் பெயருக்கு நேரே 30 என்று இருக்கும். ஏன் 30 என்பது எங்கும் எழுதப்படுவதில்லை.

காரணத்தை எழுதி ஒட்டிய ஒருவர் உண்டு. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணியை 1979இலிருந்து 2024 வரை நடத்திய ஆன்சன் டோரன்ஸ். என்.சி.ஏ.ஏ. பட்டம் மட்டும் 21. 1991இல் அமெரிக்க அணியோடு முதல் பெண்கள் உலகக் கோப்பை. கூடைப்பந்துப் பயிற்றுநர் டீன் ஸ்மித்தின் பயிற்சியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சியிலும் ஒவ்வொருத்தியின் வெற்றி தோல்வியையும் குறித்து, தரவரிசையாக்கி எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். ‘போட்டிக் கொப்பரை’ என்று அதற்குப் பெயர். கொப்பரைக்குள் இருப்பது சுகமாக இருந்திருக்காது. இருந்தும் இதில் ஒரு நேர்மை இருக்கிறது: ஒருத்தி பதினேழாவது இடத்தில் இருந்தால் அது பயிற்றுநரின் மனக்கணக்கு அல்ல, சுவரில் இருக்கும் கணக்கு.

ஆனால் டோரன்ஸின் முறைக்கு இன்னொரு கால் உண்டு. ஆண்களை வலிமையால் நடத்தலாம், பெண்களை உறவால்தான் நடத்த முடியும் என்பது அவர் பல ஆண்டுகள் சொல்லிவந்த கருத்து. இதை நான் ஏற்கவில்லை. பெண் என்பதற்குப் பதில் இருபது வயது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை ஏற்றிருப்பேன். உறவே முறையாகும்போது, நிமிடத்தைக் கையில் வைத்திருப்பவரே நண்பராகவும் ஆகிறார். 1998இல் இரண்டு முன்னாள் வீராங்கனைகள் பாலியல் ரீதியான பேச்சுக்காக அவர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஒரு வழக்கு 2004இல் சமரசத்தில் முடிந்தது. மற்றதைக் கீழ்நீதிமன்றம் விசாரணைக்கே போகாமல் தள்ளியது; 2007இல் நான்காம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பி, நடுவர் குழு கேட்க வேண்டிய வழக்கு இது என்றது. மறு ஆண்டு அதுவும் சமரசமானது. அந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டியது, நீதிபதிகள் சொற்களை மட்டும் எடைபோடவில்லை என்பது. பேசியவருக்கும் கேட்டவருக்கும் இடையே இருந்த வயது வித்தியாசத்தையும் அதிகார வித்தியாசத்தையும் சேர்த்தே எடைபோட்டார்கள். விதி 11.1.1.1இல் அப்படியொரு தராசு கிடையாது.

நிமிடமே நேரடியாக நீதிமன்றம் ஏறியதும் உண்டு. 2020இல் ஆட்டத்துக்கு முன் சக வீராங்கனைகள் இனவெறியை எதிர்த்து மண்டியிட்டபோது நின்றுகொண்டே இருந்த ஒருத்தி, அதற்காகவே தன் ஆட்ட நேரம் குறைக்கப்பட்டது என்று வர்ஜீனியாவின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்றுநர் மீது வழக்குப் போட்டாள். ஆட்டம் சரியில்லை, அதனால் குறைத்தேன் என்பது பயிற்றுநரின் பதில். தவறை ஒப்புக்கொள்ளாமலே 2023 ஜனவரியில் சமரசம். இருவரில் யார் சொன்னது உண்மை என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை, என் குறையும் அதுதான். அன்றைக்கே காரணம் எழுதப்பட்டிருந்தால் பயிற்றுநர் நிரபராதியாகவும் நிரூபிக்கப்பட்டிருக்கலாம். இன்னொன்று: அவளால் வழக்குப் போட முடிந்தது, பேச்சுரிமை அரசுப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தும் என்பதால். தனியார் பல்கலைக்கழகத்து மாணவிக்கு அந்தக் கதவும் இல்லை.

இதற்கு எதிர்வாதம் வலுவானது. 2022 டிசம்பரில் கேரி நகரில் நடந்த என்.சி.ஏ.ஏ. இறுதியாட்டத்தில், 2–0 என்று பின்தங்கியிருந்த யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி, ஒன்றைத் திருப்பி, ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கையில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3–2 என்று வென்றது. மார்கரீட் அவோசாசாவுக்குத் தலைமைப் பயிற்றுநராக அது முதல் ஆண்டு. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் யார் உள்ளே, யார் வெளியே என்று அவர் எடுத்த முடிவுக்குக் காரணம் கேட்பது அபத்தம். பாதி உள்ளுணர்வு, பாதி கண். பயிற்றுநர்கள் சொல்வது இதுதான்: காரணம் எழுதச் சொன்னால் வழக்கறிஞருக்குப் பயந்து ஆடுவோம்.

இந்தப் பயம் முன்பும் ஒருமுறை கேட்டதே. காயம்பட்டவள் எப்போது திரும்புவது என்ற முடிவும் ஒரு காலத்தில் பயிற்றுநரின் கையில்தான் இருந்தது. பெண்கள் கால்பந்தில் முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல் என்று 1990களிலேயே கல்லூரித் தரவுகள் காட்டின. பிறகு அந்த முடிவு மருத்துவரிடமும் உடல்நலப் பயிற்றுநரிடமும் போனது. தலைமைப் பயிற்றுநர் அதை மாற்ற முடியாது. ஆட்டம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நிமிடங்களை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லவில்லை நான். பருவத்தில் இரண்டு முறை, மூன்றாவது ஆள் ஒருவர் உடனிருக்க, ஒவ்வொருத்திக்கும் அவள் நிமிடம் ஏன் இவ்வளவு, எதை மாற்றினால் கூடும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவளின் நிமிடம் அடுத்த சில ஆட்டங்களில் சரிந்தால், விளையாட்டுத் துறைக்கு வெளியே உள்ள ஒருவர் அந்தத் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும். களத்தில் உள்ளுணர்வுக்கு இருக்கும் உரிமை இதனால் குறையாது.

இப்போது இதற்கு அவசரம் கூடியிருக்கிறது. முன்பு முதல் பிரிவுப் பெண்கள் அணிக்கு முழு உதவித்தொகை 14. அதைப் பங்குபோட்டுப் பலருக்குக் கொடுக்கலாம், உதவித்தொகையே இல்லாமலும் பலர் அணியில் இருக்கலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, என்.சி.ஏ.ஏ. மீதான ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் உதவித்தொகைக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. அணியின் அளவுக்கு வரம்பு வந்துவிட்டது, 28. இடம்மாறும் வீராங்கனைகளும் இப்போது ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலைத் தலைமைப் பயிற்றுநர் ஆண்டுதோறும் புதிதாக எழுதலாம். இருபத்தொன்பதாவது பெயர் எப்போதும் ஒருத்தியுடையது. அவள் மூன்றாம் ஆண்டில் இருக்கலாம், வீடு வாடகைக்கு எடுத்திருக்கலாம், பாதிப் பட்டம் முடித்திருக்கலாம். அவளை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்வதைப் பல பயிற்றுநர்கள் செய்கிறார்கள், சிலர் கண்ணீரோடும். எந்த ஆட்டங்களைப் பார்த்து, எந்த அளவுகோலில் அந்த முடிவு வந்தது என்று கையெழுத்திட்ட ஒரு தாளை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் விதியில் இன்னும் ஒரு வரி இல்லை.