கூளையனின் காடும் ம்ஷ்லாங்காவின் நாடும்

டோரிஸ் லெஸ்ஸிங் 1951இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பில் 'தி ஓல்ட் சீஃப் ம்ஷ்லாங்கா' என்றொரு கதை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' நாவல் 2000இல் வந்தது. முன்னது தெற்கு ரொடீசியாவின் வெள்ளைக்காரப் பண்ணையில் நடக்கிறது. பின்னது நம் கொங்கு மேட்டுக்காட்டில். அந்தியூர்ப் பக்கம் ஆடு மேய்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாவலின் வெயில்கூடப் பழக்கமானது.

லெஸ்ஸிங்கின் சிறுமி துப்பாக்கியும் நாய்களுமாகத் திரிகிறவள். கறுப்பர்கள் அவளுக்கு மரம், பாறை மாதிரி. ஒருநாள் பாதையில் எதிர்ப்பட்ட கிழவர் அவளுக்கு ஒதுங்கி வழிவிடவில்லை. அவளுக்குக் கோபம் வருகிறது. அவர்தான் ம்ஷ்லாங்கா என்ற தலைவர் என்று தெரியவருகிறது. பிறகு ஒரு பழைய பயணநூலில், தன் அப்பாவின் பண்ணை உள்ள நிலமெல்லாம் ஒருகாலத்தில் அவருடைய நாடு என்று படிக்கிறாள். அதன்பின் எதிரே வருகிறவர்களிடம் மரியாதையாக முகம் கொடுத்துப் பேசுகிறாள்.

'கூளமாதாரி'யில் வரும் செல்வனுக்கு, எதிரே இருப்பவனை அறியப் புத்தகம் தேவைப்படவே இல்லை. கூளையன் கூடவே இருக்கிறான். ஒரே காடு, ஒரே விளையாட்டு, ஒரே கிணற்று நீச்சல். ஆனால் கூளையன் பண்ணயத்துக்கு விடப்பட்ட பையன். செல்வன் பண்ணயக்காரர் மகன். சண்டை என்று வந்தால் இந்த நினைப்பு முன்னே வந்து நின்றுவிடுகிறது. சேர்ந்து விளையாடினால் பிள்ளைகளிடம் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த நாவலை அவசியம் படிக்க வேண்டும்.

கொங்குக் கிராமங்களில் ஆறு வயதுப் பிள்ளை அறுபது வயது அருந்ததியர் பெரியவரைப் பேர் சொல்லி 'வாடா' என்று கூப்பிடும். அவர் 'வர்றனுங்க சாமி' என்பார். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா கேட்டுக்கொண்டுதான் இருப்பார், திருத்தமாட்டார். செல்வன் படித்த பள்ளிக்கூடம் அந்தத் திண்ணைதான்.

லெஸ்ஸிங் கதையின் முடிவில் ம்ஷ்லாங்காவின் ஆடுகள் பயிரை மிதிக்கின்றன. நட்டத்துக்கு ஈடாகச் சிறுமியின் அப்பா ஆடுகளைப் பிடித்துவைக்கிறார். இந்த நிலம் எங்களுடையது என்கிறார் கிழவர். கொஞ்ச நாளில் ஊரையே இருநூறு மைல் தள்ளி அப்புறப்படுத்துகிறார்கள். மனம் மாறிய சிறுமியால் ஓர் ஆட்டைக்கூடத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதனால் பிள்ளைகளை மட்டும் திருத்தக் கிளம்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

அந்தத் திண்ணைப் பாடம் பழங்கதையும் அல்ல. 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர் எதிர்த்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள்; போராட்டத்துக்குப் பிறகே அது ரத்தானது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்த நாட்களில் அந்தப் பெற்றோரின் பிள்ளைகள் வீட்டில் என்னென்ன பேச்சைக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.