யாழ்ப்பாணத்து வேலி: கதியாலும் படலையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளவைச் சுற்றி அடைக்கும் வேலி, பூவரசு, கிளுவை, முள்முருக்கு போன்ற மரங்களின் தடிகளைக் கதியாலாக நெருக்கி நட்டு, குறுக்கே வரிச்சுப் பிடித்து, கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டப்படுவது. இந்த வேலி என்றதும் மறைப்பே முதலில் நினைவுக்கு வரலாம். ஆனால் புதிய வேலி ஒன்றைத் திட்டமிடும்போது முதலில் முடிவாக வேண்டியது ஆள் போகும் வழி. வேலி வாசலை மூடும் கதவான படலையின் இடம் தீர்ந்த பிறகே கதியால் வரிசை ஒழுங்காகிறது.

காரணம் காணி பிரிந்த விதத்தில் இருக்கிறது. ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து முடித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை, பெண்களுக்குச் சீதனமாகக் காணி போவதை வழக்கமாகப் பதிவு செய்தது. தலைமுறைதோறும் வளவு துண்டாயிற்று. கிணறு மட்டும் துண்டாகாது. அதனால்தான் காணி உறுதிகளில் காணியோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்து எழுதப்பட்டன. பங்காளி தண்ணீர் அள்ளப் போகும் பாதையை மறித்து நடப்பட்ட கதியால் அடுத்த மாரிக்குள் வழக்காகிவிடும். அயற்காணிக்காரருக்கு நிலத்தை முதலில் வாங்கும் உரிமையும் பழைய வழமையில் இருந்தது. 1947ஆம் ஆண்டின் முற்கொள்வுரிமைச் சட்டம் அதைக் கூட்டுரிமையாளருக்கும் வாரிசுகளுக்கும் மட்டுமாகச் சுருக்கியது. அந்த உரிமை இருந்த காலத்தில் எல்லை வேலி அடுத்தவருக்கும் நாளை உரியதாகக்கூடிய நிலத்தின் ஓரமாக இருந்தது. வேலிச் சண்டைகளின் சூட்டுக்கு ஒரு காரணத்தை இதிலும் தேடலாம்.

எல்லைக்கல் மூலையைத் தீர்மானித்துவிடுகிறதே, பிறகு படலைக்கு என்ன முதன்மை என்று கேட்கலாம். கல் சொல்வது எல்லையை மட்டும். கதியால் எத்தனை வேண்டும், வரிசை எங்கே முறிய வேண்டும் என்பதை அது சொல்லாது. யாழ்ப்பாணத்து நில அளவில் 16 பரப்பு ஒரு ஏக்கர் என்ற கணக்கில் 2 பரப்பு 5,445 சதுர அடி. அது சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறத்தாழ 295 அடி. அதே காணி 33 அடி அகலமும் 165 அடி நீளமுமாகப் பங்கிடப்பட்டால் 396 அடி. அடிக்கு ஒரு கதியால் என்று வைத்தால் நூறு கதியால் கூடுதல். ஒடுங்கிய துண்டில் பின்வளவுக்காரருக்கும் பாதை விட்டால், அந்தப் பாதையின் ஓரம் முழுவதும் இன்னொரு வரிசை வேண்டும். ஆகவே வழி எந்தப் பக்கம் என்று தீராமல் தடி வெட்டுவது வீண் செலவு.

வழி தீர்ந்தபின் எந்தத் தடி என்பதை மண் தீர்க்கிறது. குடாநாட்டின் வலிகாமத்துச் செம்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அலவாங்கால் ஓரடி குத்தினாலே கல்லில் முட்டும். பெரிய தூணை ஆழ நடுவதைவிட, வேரூன்றும் மெல்லிய தடிகளை நெருக்கி நடுவதே இங்கே பொருத்தம். மாரி தொடங்கும்போது நட்டால் கதியால் துளிர்க்கும். படலைத் தூணுக்கு மட்டும் உயிர்த்தடி ஆகாது: அது பருத்தால் படலை பிடிக்கும், சாய்ந்தால் இழுபடும். அதற்கு வைரம் பாய்ந்த பனங்குற்றியே சரி. படலையின் அகலத்தைத் தீர்ப்பதோ ஒழுங்கை. ஒழுங்கை எவ்வளவு ஒடுக்கமோ, வண்டி திரும்ப அவ்வளவு அகலமான வாசல் வேண்டும். எனவே வண்டி வரும் வளவில் குச்சொழுங்கைப் படலை பெருந்தெருப் படலையைவிட அகலமாயிருக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்களும் உண்டு.

வாசல்களில் படலை ஒரு வகை மட்டுமே. ஆள் நுழையக்கூடிய, ஆனால் மாடு நுழைய முடியாத இடைவெளி கண்டாயம். அயல்வீட்டுக்குக் குனிந்து போகும் சிறு திறப்பு பொட்டு. அதை யாரும் திட்டமிடுவதில்லை, ஆனாலும் பல வேலிகளில் அது இருக்கும். வசதியானவர் வீட்டு முகப்பில் கூரை வேய்ந்து நின்றது சங்கடப்படலை. வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க அதில் திண்ணை இருந்தது. மறைப்புக்கே வேலி என்றால் வாசலுக்கு இத்தனை வகை ஏன் வந்தது என்று விளக்க முடியாது.

கிடுகு வைப்பது மறைப்புக்குத்தானே என்பது வலுவான மறுப்பு. உள்ளே ஒருவர் குத்தூசியைக் குத்த, வெளியே நிற்பவர் கயிற்றைக் கோர்த்துத் தர, ஓலை இறுகக் கட்டப்படுவது உண்மை. ஆனால் அந்த ஓலை உக்கியதும் தோட்டத்துக்குப் பசளையாகிறது; பூவரசங்குழையும் புகையிலைத் தறைக்குப் போகிறது. பனங்காணியைச் சுற்றி மறைப்பே தராத கருக்குமட்டை (பனைமட்டை) வேலி நிற்கிறது. மறைப்பு வேலியின் பயன்களில் ஒன்று. குழையும் எல்லையும் மற்றவை.

இப்போது பல வளவுகளில் சீமெந்து மதிலும் இரும்புக் கேற்றும், எஞ்சியவற்றில் முட்கம்பியோடு கிளிசெறியாக் கதியாலும் காணப்படுகின்றன.